உறுமும் பெடல் ஸ்டீல்

காலையிலிருந்து 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' ஆல்பம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவிலிருந்து விலகிய கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ஃப்ளையிங் பரீட்டோ பிரதர்ஸின் முதல் ஆல்பம், 1969-இல் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 164-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அன்று வாங்க ஆளில்லை. இன்றோ கண்ட்ரி ராக் (அமெரிக்கக் கிராமிய மணமுள்ள கண்ட்ரி இசையும் ராக்கும் கலந்த வகை) என்று பேச்செடுத்தாலே இதைத் தொடாமல் யாரும் நகர்வதில்லை.

என் காதைப் பிடித்து இழுப்பது குழுவின் ஸ்னீக்கி பீட் கிளைனோ வாசிக்கும் பெடல் ஸ்டீல், அதாவது கிடையாக வைத்து மிதிகளோடு வாசிக்கும் கிதார். கண்ட்ரி இசையில் வழக்கமாக அழுது கரையும் அந்தக் கருவியை ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பாக்ஸ் வழியாகச் செலுத்தி உறுமவைக்கிறார். ராக் கிதார் என்றே முதலில் தோன்றும்.

கறுப்பின மக்களின் சோல் இசையைச் சேர்ந்த இரண்டு பாடல்களையும் இதில் கண்ட்ரியாகப் பாடியிருக்கிறார்கள். அந்த நாளில் அதற்குத் துணிச்சல் வேண்டும். பார்சன்ஸின் குரல் அப்பழுக்கற்றது அல்ல. உச்சத்தில் லேசாக உடையும். அந்த உடைசலுக்காகவே நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 26 வயதில், 1973-இல், போய்விட்டார் மனிதர்.

இதுவரை கேட்காதவர்கள் 'ஹாட் பரீட்டோ நம்பர் 1' பாடலில் தொடங்குங்கள். ஹெட்போன் அவசியம்.