சிலிக்கான் 34

2012-ல் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடம். அவசரத்துக்கு என்று வாங்கிப் போட்ட ஜெனரேட்டர்கள் பகலும் இரவும் ஓடின. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கணக்கு முடிய மாதக்கணக்கில் ஆகும். அப்போது மூன்று வாரம் தாண்டவில்லை.

ஆயில் விற்க வந்தவர் சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொடுத்து, "இது இன்ஜினுக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி சார்" என்றார். லேப்பில் ஆயிலை மின்பொறியில் எரித்து, கிளம்பும் ஒளியை வைத்து எந்த உலோகம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று சொல்லிவிடுவார்கள். எந்தப் பாகம் தேய்கிறது என்று அதிலிருந்து தெரியும். இரும்பு ஏறினால் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்), அலுமினியம் என்றால் பிஸ்டன், குரோமியம் என்றால் ரிங், ஈயமும் செம்பும் பேரிங். சோடியம் வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சிலிக்கான் பெரும்பாலும் தூசி.

முதல் சாம்பிளை டிரெயின் பிளக்கைத் திறந்ததும் பிடிக்கப் போனேன். எங்கள் மூத்த ஃபிட்டர் தடுத்தார். "அடிமண்டிதானுங்க சார் மொதல்ல வரும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தா எல்லா வண்டியும் கெட்டதாத்தான் தெரியும்." ஜெனரேட்டரைத்தான் வண்டி என்றார். அவர் சொன்னது சரி. அதன்பிறகு இன்ஜின் ஓடி நிறுத்திய சூட்டோடு, டிப்ஸ்டிக் குழாயில் புது டியூப் விட்டு, இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பின் நடு ஆழத்திலிருந்து கைபம்பால் உறிஞ்சி எடுத்தோம்.

நான் சறுக்கியது இரண்டாவது ஜெனரேட்டரில். சிலிக்கான் 8, 11 என்று இருந்தது திடீரென்று 34 ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான் வால்வு கவரைக் கழற்றி கசிவை அடைக்கும் சிலிக்கோன் பேஸ்ட் தடவி மாட்டியிருந்தோம். பேஸ்டிலிருந்தும் சிலிக்கான் ஆயிலில் இறங்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வர, அதையே காரணமாக்கி ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டுவிட்டேன். அரைகுறைப் படிப்பு என்பது இதுதான். பேஸ்ட் என்றால் சிலிக்கான் மட்டும் ஏறி, அடுத்தடுத்த ஆயில் மாற்றத்தில் இறங்கிவிடும். என் தாளில் பக்கத்துக் கட்டத்திலேயே இரும்பு 20-லிருந்து 62-க்குப் போயிருந்தது, அலுமினியமும் கூடவே. மண் உள்ளே போய் லைனரைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த ரிப்போர்ட் இன்னும் மோசமாக வந்தபிறகுதான் ஃபிட்டரைக் கூப்பிட்டேன். அவர் ஏர் ஃபில்டரைப் பார்க்கவே இல்லை. ஃபில்டருக்கும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்கும் நடுவில் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவினார். கிளாம்ப் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஹோஸின் விலை, பிறகு நாங்கள் மாற்றிய லைனர் செட்டுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்த ரத்தப் பரிசோதனை உவமை எனக்கு இப்போது பிடிப்பதில்லை. நோயாளிக்கு முந்தின நாள் யாரும் ஆறு லிட்டர் புது ரத்தம் ஊற்றுவதில்லை. இங்கே அப்படித்தான் நடக்கும். குறைந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றி டாப்-அப் செய்ததை எழுதாமல் விட்டால் இரும்பு குறைந்த மாதிரி நல்ல ரிப்போர்ட் வரும். 120 மணி ஓடிய ஆயிலையும் 250 மணி ஓடியதையும் ஒப்பிட்டால் அதுவும் பொய்க்கணக்கு. அப்புறம் பெரிய துகள்கள் இந்தச் சோதனையில் சரியாகச் சிக்காது. அதற்கு ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபிட்டர் ஒரு நாற்பது பக்க நோட்டை டீசல் டேங்க் பக்கத்தில் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். "ரெண்டாம் வண்டி, 6 லிட்டர், ராத்திரி ஷிப்ட்" என்று அதில் எழுதி வைப்பார். பாட்டிலை அனுப்பும் நாளில் அதைப் பார்த்துத்தான் நான் படிவத்தை நிரப்புவேன்.