உவர் வேறு, களர் வேறு

கோடையில் வேதாரண்யம் பக்கத்து மண்ணும் திருச்சி மணிகண்டம் பக்கத்து மண்ணும் ஒரே மாதிரிதான் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், ஆனால் காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

வேதாரண்யத்தில் இருப்பது உவர், அதாவது கடல் விட்டுப்போன உப்பு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உள்ளே ஏறியிருந்த கடல் பின்வாங்கியபோது வரிசையாக மணல்மேடுகளை விட்டுச் சென்றது, நடுவில் உள்ள தாழ்வான களிமண்ணில் உப்பு தங்கிவிட்டது. நல்ல தண்ணீர் கட்டி அலசி வடித்தால் குறையும். வடிய வழிதான் இல்லை.

சரி, மணிகண்டம்? அங்கே இருப்பது களர், அதாவது சோடியம் ஏறிய மண்; கடலுக்கு வேலையே இல்லை. அடியில் நைஸ் பாறை. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதையச் சிதைய சோடியம் வெளியே வருகிறது, மழையும் குறைவு, வடிகாலும் மோசம் என்பதால் அது அடித்துச் செல்லப்படாமல் களிமண் துகள்களோடு ஒட்டிக்கொள்கிறது. கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டிவிடும். மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்காமல் சேறாகக் குழம்பி நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. இதை வெறும் தண்ணீரால் கழுவ முடியாது. கால்சியம் உள்ள ஜிப்சம் போட்டு, சோடியம் இருந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைத்து, அப்புறம்தான் வடிக்க வேண்டும்.

வெள்ளையைப் பார்த்ததும் மண் பரிசோதனைகூடச் செய்யாமல் உவர் நிலத்தில் ஜிப்சம் மூட்டைகளைக் கொட்டுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.