முட்டத்துச் சூரியன்: 2024 கோடை நாட்குறிப்பு

ஏப்ரல் 10, புதன்

இன்று எங்கள் பகுதியில் நிழலில்லா நாள். பகல் 12.22க்கு உலக்கையை முற்றத்தில் நட்டமாக நிறுத்திப் பார்த்தேன். நிழல் முழுவதும் அதன் காலடிக்குள் அடங்கிவிட்டது. சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே!

அதனால்தான் இந்தக் கோடைக்கணக்கை இன்றே தொடங்குகிறேன். நாளுக்கு நாள் சூரியன் வடக்கே நகர்ந்து மறைவதை ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில் எடுக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. மாலை ஆறு மணிக்கே கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழேயுள்ள பாறைகளில் இறங்கிவிட்டேன். ஒரு பாறையில் விரல் நுழையுமளவு வெடிப்பு இருக்கிறது. முக்காலியின் ஒரு கால் இனி எல்லா மாலையும் அதில்தான். 50 மி.மீ. லென்ஸ். கடலுக்குள் தனியே நிற்கும் பாறையைச் சட்டத்தின் இடது ஓரத்தில் வைத்தேன். அதற்கு வலப்புறம் முழுவதும் வெறும் தண்ணீர். சூரியன் நடக்க வேண்டிய பாதை அது.

6.30க்கு மறைந்தது, தனிப்பாறையைத் தொட்டாற்போல.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. கரை நிறையக் குடும்பங்கள். சூரியன் அதற்குள் தன் அகலத்தைப்போல் மூன்று மடங்கு வலப்புறம் தள்ளிவிட்டது! ஒரு நாளைக்கு முக்கால் அகலம் என்று கணக்குச் சொல்கிறது. கணக்கில் படித்ததைக் கண்ணால் பார்ப்பது வேறு.

ஏப்ரல் 23, செவ்வாய்

சித்ரா பௌர்ணமி. வருடம் தவறாமல் போவதுபோல் கன்னியாகுமரிக்குப் போனேன். மேற்கே சூரியன் இறங்க, கிழக்குக் கடலுக்கு மேலே நிலா இரண்டு விரல் உயரத்தில் வெளிறி நின்றது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலித்துவிட்டது. அந்தக் காட்சிக்கு எவ்வளவு கூட்டத்திலும் நிற்கலாம்.

ஆனால் பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பெரியவருக்கு மனக்குறை. “கடலில் விழும் என்றார்களே, தென்னைமரத்தின் பக்கம் போகிறதே?” என்றார். அவர் சொன்னது சரிதான். குமரிமுனையிலிருந்து கரை மேற்காகப் போய் மெல்ல வடக்கே சாய்கிறது. ஐப்பசியிலிருந்து பங்குனிவரை சூரியன் தண்ணீரில் இறங்கும்; சித்திரை முற்றினால் கரைக்கு மேலே போய்விடும். முட்டத்துக்கு அப்பால் கரை சட்டென வடமேற்காகத் திரும்புவதால், அங்கே ஆனி மாதத்திலும் கடலில்தான் மறைவு. “அடுத்த கோடைக்கு முட்டம் வாருங்கள், ஐயா” என்று பஸ் விவரமும் எழுதிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தங்கை மகளையும் அழைத்துப்போனேன். அவளுடைய போன் எடுத்த படத்தில் வானம் கிச்சிலிப்பழமாக இருந்தது. நாங்கள் பார்த்ததோ கருமை கலந்த செம்பு நிறம். போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது, நிறத்தையும் திருத்துகிறது. சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து வெளிச்சத்தைக் குறைக்கவும், நிறச்சமனை (ஒயிட் பேலன்ஸ்) பகல் வெளிச்சத்திலேயே நிறுத்தவும் சொல்லிக்கொடுத்தேன். பூதக்கண்ணாடிபோன்ற பெரிய லென்ஸ் வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அப்புறம் இன்னொன்று சொன்னேன். சூரியனின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொடும்போது உண்மையில் முழுச்சூரியனும் தொடுவானத்துக்குக் கீழே போயிருக்கும். காற்று ஒளியை வளைத்து நமக்குத் தூக்கிக்காட்டுகிறது. அவள் வெகுநேரம் பேசவில்லை. “அப்படியென்றால் மாமா, நாம் இல்லாத சூரியனையா படம் எடுக்கிறோம்?” என்று கேட்டாள். வீடு வரும்வரை அந்தக் கேள்வியோடுதான் வந்தேன்.

மே 4, சனி

கள்ளக்கடல் எச்சரிக்கை. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் இன்றும் நாளையும் கரைக்குப் போகாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது, காற்றும் இல்லை. தெற்கே எங்கோ இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே திருடன்போல் வந்து ஏறுகிறது. மேலே சாலையிலிருந்து பார்த்தேன். என் வெடிப்புப் பாறை கழுவப்பட்டுக்கொண்டிருந்தது. படம் இல்லை.

மே 6, திங்கள்

கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோய்விட்டது. இங்கிருந்து மிகவும் பக்கம். கேமராவைத் தொடவில்லை.

மே 20, திங்கள்

நாலு நாளாக மழை.

ஜூன் 1, சனி

மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை தொடங்கியது, ஜூலை 31 வரை. விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வள்ளக்காரர்களுக்குத் தடையில்லை, ஆனால் கடல் விடவேண்டுமே. பாறையடியில் வலைக்கண்ணி பின்னிக்கொண்டிருந்த பாட்டா என் முக்காலியைப் பார்த்து, “இன்னும் ஏறுகிறதா, மக்களே?” என்றார். சூரியனைத்தான் கேட்டார். அவர் பேசுகிற விதத்தில் சூரியன் வடக்கே ‘ஏறும்’, தெற்கே ‘இறங்கும்’. கையை நீட்டி முஷ்டியால் அளந்து காட்டினேன்: ஏப்ரலில் நின்ற இடத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை முஷ்டி. மறையும் நேரமோ ஐந்து நிமிடம்தான் தள்ளியிருக்கிறது. பாட்டா தம் முஷ்டியை நீட்டிப் பார்த்தார். அவருடையது பெரியது, ஒன்றேகால்தான் வந்தது.

ஜூன் 21, வெள்ளி

இன்றுதான் சூரியன் வடகோடியில். பஞ்சாங்கப்படி ஆடி பிறந்தால்தான் தட்சிணாயனம், அதாவது சூரியன் தெற்கே திரும்பும் காலம். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழன்றதில் இப்போது மூன்று வாரத்துக்குமேல் இடைவெளி விழுந்துவிட்டது. பத்து வாரம் காத்திருந்த மாலை இது. மேற்கு முழுவதும் சாம்பல். 6.40 வரை நின்றேன், கச்சான் காற்றில் முக்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஒரு கீற்றுக்கூடத் தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 24, திங்கள்

கிடைத்துவிட்டது! 6.37க்கு இரண்டு மேகப் பட்டைகளுக்கு நடுவே, நசுங்கிய தட்டுபோல் சூரியன். ஒரு நிமிடம்கூட இருக்காது. மூன்று படம். இந்த வாரம் முழுவதும் சூரியன் அநேகமாக அதே இடத்தில்தான் நிற்கிறது, ஆகையால் மூன்று நாள் பிந்தினாலும் இடம் பிசகவில்லை. தனிப்பாறை இடது ஓரத்தில்; சூரியன் வெகுதூரம் வலப்புறத்தில். ஏப்ரல் 10 படத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு கோடை முழுவதும் அந்த இரண்டு சூரியன்களுக்கு நடுவே கிடக்கிறது.

இனி இறக்கம். செப்டம்பர் முதல் தேதிவாக்கில் மறுபடி தனிப்பாறைக்கு வரும். முக்காலிக் காலில் ஏறிய உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பரணில் வைத்தேன்.