தக்காளித் தோட்டத்து வரப்பில் நடை

மலைச்சரிவில் முழுச் சுமையோடு இறங்கியபோது வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. எலும்பு முறியவில்லை, கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. மருத்துவ விடுப்பில் பாலக்கோட்டுக்கு வந்திருக்கிறேன்.

10 நாளில் வீக்கம் வடிந்தது. அத்தோடு குணமாகிவிட்டது என்று பட்டாளத்தில் பலரும் நினைக்கிறோம். அது பெரிய தவறு. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் தசைநாருக்குள்ளும் இருக்கின்றன. அவையும் சேர்ந்தே பழுதாகின்றன. ஒருமுறை பிசகிய கால் மறுபடியும் பிசகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். அம்மா அடுப்படியிலிருந்தே எண்ணுகிறார். முதல் நாள் 4 எண்ணுவதற்குள் சாய்ந்தேன், நேற்று 28. பிறகு வாசற்படியில் குதிகாலைத் தூக்கி இறக்குவேன், 15 தடவை, மூன்று சுற்று. மாலையில் எங்கள் தக்காளித் தோட்டத்து வரப்பில் நடை.

"ஓய்வெடுப்பா, பட்டாளம் எங்கேயும் ஓடிவிடாது" என்கிறார் அப்பா. மலையில் என் கால் மறுபடி மடங்கினால், பின்னால் வருகிறவன் என் சுமையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒற்றைக் காலில் வலியின்றிக் குதிக்க முடிந்த பிறகே ஓட வேண்டும் என்று சிகிச்சையாளர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை குதித்துப் பார்க்கப் போகிறேன்.