வெள்ளாட்டு வில்லன்

இன்று மகளோடு உட்கார்ந்து 'ஸ்பை ஃபாக்ஸ் இன் ட்ரை சீரியல்' விளையாடி முடித்தேன். ஹ்யூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் 1997இல் வெளியிட்ட கணினி விளையாட்டு. உளவாளி ஒரு நரி, வில்லன் ஒரு வெள்ளாடு. உலகில் பசும்பாலே இல்லாமல் செய்து, எல்லாரையும் ஆட்டுப்பால் குடிக்கவைப்பது அவன் திட்டம். குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சதி வேண்டுமா!

மறுபடி ஆடினால் வழி மாறிவிடுகிறது. சென்ற முறை கைகொடுத்த கருவி இம்முறை பயன்படாமல் போகலாம். மனப்பாடம் செல்லாது, யோசித்தே ஆகவேண்டும். அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

கதைக்குச் சம்பந்தமே இல்லாத பொருளைச் சொடுக்கினாலும் அது ஏதாவது வேடிக்கை காட்டும். மகள் நரியை நடுவழியில் நிறுத்திவிட்டு, திரையின் மூலைமுடுக்கெல்லாம் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரப்படுத்தவில்லை.

நாளை இரண்டாம் பாகம்.