உள்ளூர் மாடு: கிரேடில் ஆஃப் ஃபில்த்தும் கடல் கடந்த ரசிகர்களும்

2025 நவம்பர் 2, ஞாயிறு

இங்கிலாந்தில் கேலி, கடல் தாண்டினால் ராஜமரியாதை. கிரேடில் ஆஃப் ஃபில்த் பேச்சு வந்தாலே ரசிகர்கள் போடும் கணக்கு இது. உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாது என்று நாம் சொல்வதுதான். 1991இல் இங்கிலாந்தின் சஃபக் பகுதியில் தொடங்கிய மெட்டல் பேண்ட். முதல் ஆல்பம் 1994இல். இந்த மார்ச் 21 அன்று ஆஸ்திரியாவின் நேபாம் ரெக்கார்ட்ஸ் வழியாக 'தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி வால்கிரீஸ்' வெளியானதிலிருந்து, எந்த நாட்டில் இவர்களுக்கு மவுசு அதிகம் என்ற பழைய வாதம் மறுபடி சூடுபிடித்திருக்கிறது.

லத்தீன் அமெரிக்கக்காரர்கள் கூட்டம் குதிக்கும் வீடியோவைக் காட்டுகிறார்கள். ஜெர்மன்காரர்கள் சார்ட் எண்ணை, அதாவது வார விற்பனைப் பட்டியலில் பிடித்த இடத்தை, காட்டுகிறார்கள். அமெரிக்கர்கள் கிராமி பரிந்துரையை எடுத்து வைக்கிறார்கள். ஒருவர் படியால் அளந்ததையும் இன்னொருவர் தராசில் நிறுத்ததையும் ஒரே கணக்கில் கூட்டினால் என்ன வருமோ அதுதான் வருகிறது. பிரித்துப் பார்த்தால்தான் எது எடை, எது வெறும் சத்தம் என்று தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

அமெரிக்க ரசிகர்களுக்குப் பிடித்த வாதம், அந்நாட்டு வார ஆல்பம் சார்ட்டான பில்போர்டு 200இல் பேண்ட் ஆல்பத்துக்கு ஆல்பம் ஏறியது என்பது. ஏறியது உண்மைதான். 'நிம்ஃபெடமைன்' (2004) 89ஆம் இடம், 'தோர்னோகிராஃபி' (2006) 66, 'காட்ஸ்பீட் ஆன் தி டெவில்ஸ் தண்டர்' (2008) 48. இந்த மூன்றை மட்டும் பார்த்தால் ராக்கெட்.

முதல் வார விற்பனையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 2004இல் ஏறக்குறைய 14,000 பிரதிகள், 2006இல் 13,000 சொச்சம், 2008இல் 11,000. இடம் ஏறுகிறது, பிரதி இறங்குகிறது. அந்த ஆண்டுகளில் சிடி சந்தையே சரிந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வேகமாக விழுந்தார்கள், மெட்டல் ரசிகர்கள் சிடி வாங்குவதை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. குளத்தில் தண்ணீர் வற்றும்போது நடுவில் கிடக்கும் பாறை உயர்ந்ததாகத் தெரியுமே, அந்த மாதிரி. லிவர்பூலின் கார்கஸ் என்ற மெட்டல் பேண்ட் 2013இல் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' ஆல்பத்தோடு திரும்பி வந்தபோது சுமார் 8,500 பிரதிக்கே 41ஆம் இடம் கிடைத்தது. ஒன்பது வருஷம் முன்பு அந்த எண்ணிக்கைக்கு நூறுக்குள் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆகவே, வருஷம் சொல்லாத சார்ட் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆண்டு, இடம், பிரதி மூன்றும் ஒரே வரியில் இருந்தால்தான் பேச்சு.

நவம்பர் 5, புதன்

நேற்றைய குறிப்புக்கு ஒரு பின்சேர்க்கை. மேலே உள்ள நான்கும் பிரதியை மட்டும் எண்ணிய காலத்தவை. 2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு ஸ்ட்ரீமிங்கையும் சேர்க்கிறது. முதலில் 1,500 கேட்பு ஓர் ஆல்பத்துக்குச் சமம் என்றார்கள். 2018இல் அதைப் பிரித்து, கட்டணச் சந்தாவில் 1,250, இலவசத்தில் 3,750 என்று மாற்றினார்கள். இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள எண்களை ஒப்பிடவே கூடாது. பழைய ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் பேண்டுகளுக்குப் புதிய முறையால் முதல் வாரத்தில் லாபமில்லை. கேட்பு எல்லாம் 'மிடியன்' மாதிரி பழைய ஆல்பத்தின் கணக்கில் விழும், புது ஆல்பத்தின் கணக்கில் விழாது.

நவம்பர் 6, வியாழன்

ஜெர்மனி. அங்கே சார்ட் எண் பெரிதாக இருப்பதற்கு ரசிகர்களின் பாசம் ஒரு காரணம். கணக்கு முறை இன்னொரு காரணம், அதை யாரும் சொல்வதில்லை. 2007 முதல் ஜெர்மன் ஆல்பம் சார்ட் பிரதியை எண்ணுவதில்லை, விற்ற தொகையை எண்ணுகிறது. சாதாரண சிடி ஒன்றைவிட, கொடி, பேட்ச், எண்ணிட்ட அட்டை எல்லாம் திணித்த விலை கூடிய மரப்பெட்டி ஒன்றுக்குச் சார்ட்டில் எடை அதிகம். மெட்டல் லேபிள்கள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனங்கள்) அந்தச் சந்தைக்குப் பெட்டி பெட்டியாகப் போடுவது இதனால்தான். பெட்டி முன்பதிவில் போகும், முன்பதிவு முழுவதும் முதல் வாரத்தில் விழும், இரண்டாம் வாரம் ஆல்பம் தொபுக்கென்று கீழே. முதல் வார இடத்தையும் மூன்றாம் வார இடத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு இது உடனே புரியும்.

லேபிள் எந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இந்த பேண்ட் இங்கிலாந்தின் கக்காஃபனஸ், மியூசிக் ஃபார் நேஷன்ஸ் என்று தொடங்கி, 'டாம்னேஷன் அண்ட் எ டே' (2003) என்ற ஒரே ஆல்பத்துக்கு சோனியிடம் போய், பிறகு ரோட்ரன்னர், பீஸ்வில், 2015இல் ஜெர்மனியின் நியூக்ளியர் பிளாஸ்ட், இப்போது நேபாம் என்று இடம் மாறியது. விளம்பரப் பணமும் கிடங்கும் தபால் விற்பனையும் லேபிளின் சொந்த மண்ணில்தான் அடர்த்தி. அங்கே போஸ்டர் அதிகம் தெரிந்தால் அதில் பாதி லேபிளின் வேலை.

நவம்பர் 9, ஞாயிறு

ஸ்பாட்டிஃபையில் கலைஞர் பக்கத்தின் கீழே முதல் ஐந்து ஊர்கள் வரும். அந்தப் படத்தை வெட்டி ஒட்டி, பார்த்தீர்களா, லண்டன் எத்தனாவது என்று கேட்பது இப்போதைய வழக்கம். மாதக் கேட்பாளர் என்பது கடைசி 28 நாளில் ஒரு தடவையாவது கேட்டவர்களின் எண்ணிக்கை. முழு ஆல்பத்தை இருபது தடவை கேட்டவரும், யாரோ போட்ட ஹாலோவீன் தொகுப்பில் ஒரு பாட்டைப் பாதியில் தள்ளிவிட்டவரும் அதில் சமம். அக்டோபர் எண்ணைக் காட்டி வாதாடுவோரிடம் ஜூன் எண்ணையும் கேளுங்கள்.

மக்கள்தொகையால் வகுக்காமல் விடுவது அடுத்த தவறு. உதாரணத்துக்கு, இரண்டு கோடிப் பேர் உள்ள மாநகரில் 20,000 பேர் கேட்டால் ஆயிரத்துக்கு ஒருவர். பதினைந்து லட்சம் பேர் உள்ள நார்டிக் நகரில் 5,000 பேர் கேட்டால் ஆயிரத்துக்கு மூன்றுக்கும் மேல். பட்டியலில் முதலாவதுதான் தெரியும். பெரிய தலைநகரங்கள் உள்ள லத்தீன் அமெரிக்கா எப்போதும் மேலே வருவதில் இதற்குப் பங்குண்டு. பிரிட்டிஷ் ரசிகர்கள் லீட்ஸ், நாட்டிங்ஹாம், நார்விச் என்று சிதறிக் கிடக்கிறார்கள், ஐந்து வரிப் பட்டியலில் அவர்களுக்கு இடமேயில்லை.

நவம்பர் 13, வியாழன்

அப்படியானால் உள்ளூர்க் கேலி பொய்யா? இல்லை, அது இருக்கிறது. அது இரண்டு திசையிலிருந்து வருகிறது, இரண்டையும் கலக்கக் கூடாது.

ஒன்று, மெட்டலின் இருண்ட கிளையான பிளாக் மெட்டலின் ஆசாரவாதிகள் சொல்லும் குறை. கீபோர்டு அதிகம், ஒப்பனை அதிகம், இது பிளாக் மெட்டலே இல்லை என்பார்கள். இது இங்கிலாந்துக்கு மட்டும் உரியதல்ல, எல்லா நாட்டிலும் உண்டு. இன்னொன்று சுத்தமாக பிரிட்டிஷ் சரக்கு. தன்னைப் பெரிதாக நினைப்பவனைக் கண்டால் இழுத்துக் கீழே உட்காரவைக்கும் குணம் அது. சஃபக்கில் வளர்ந்த பாடகர் டிராகுலா மாதிரி வசனம் பேசினால், பக்கத்து ஊர்க்காரனுக்குச் சிரிப்புத்தான் வரும். அமெரிக்காவில் அதே உச்சரிப்பு கோதிக் நாவலிலிருந்து எழுந்து வந்த மாதிரி ஒலிக்கிறது. அங்கே ஹாட் டாபிக் கடைகளில் டி-ஷர்ட் தொங்கியதும், 2003இல் ஆஸ்ஃபெஸ்ட் என்ற மெட்டல் விழாச் சுற்றில் வாசித்ததும் சேர்ந்து, மால்களில் சுற்றிய பதின்வயதுக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கூட்டத்தால்தான் ஆசாரவாதிகளுக்கு இன்னும் எரிச்சல்.

மொழி தடையாக இல்லாதது பற்றி ரசிகர்கள் சொல்வது சரி. பாடகர் டானி ஃபில்த்தின் உச்சக் கிறீச்சலில் ஒரு சொல்லும் ஆங்கிலேயருக்கே பிடிபடாது. வரிகளை எல்லாரும் அட்டையைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள், அந்த விஷயத்தில் புடாபெஸ்ட்காரரும் பர்மிங்ஹாம்காரரும் ஒரே பெஞ்சு. கதைகளும் இங்கிலாந்துக்குள் அடங்கியவை அல்ல. 'க்ரூயல்டி அண்ட் தி பீஸ்ட்' (1998) ஹங்கேரியச் சீமாட்டி எலிசபெத் பாத்தரி பற்றியது, 2008 ஆல்பம் பிரான்சின் ஜில் த ரே பற்றியது. 1998 ஆல்பத்தில் டிரம் ஒலி தகர டப்பா மாதிரி இருக்கிறது என்ற புகாரில் மட்டும் எல்லா நாட்டு ரசிகர்களும் ஒன்றுபட்டார்கள். 2019இல் மறுகலவை செய்து வெளியிட்ட பிறகுதான் அதில் டிரம் வாசித்த நிக்கலஸ் பார்க்கரின் கால் வேலை என்னவென்று தெரிந்தது.

நவம்பர் 14, வெள்ளி

கிராமி பற்றி ஒரு வரி. 2005இல் 'நிம்ஃபெடமைன்' பாட்டுக்குப் பரிந்துரை கிடைத்தது. வென்றது மோட்டர்ஹெட், அதுவும் மெட்டாலிகா பாட்டை மறுபடி பாடி. போட்டியில் இருந்த பிரிட்டிஷ் பேண்டைத் தோற்கடித்தது இன்னொரு பிரிட்டிஷ் பேண்ட், கையில் அமெரிக்கப் பாட்டோடு. இதை வைத்து எந்த நாட்டுப் பெருமையை நிறுவுவது?

நவம்பர் 16, ஞாயிறு

தென் அமெரிக்கக் கூட்டம். ரிஃப்பையே, அதாவது கிதார் மெட்டையே, கோரஸாகப் பாடும் கூட்டம் அது, வேறெங்கும் அந்த ஒலி கிடைக்காது. ஆனால் வீடியோவை வைத்து எண்ணிக்கை சொல்ல முடியாது. அரங்கின் கொள்ளளவைத் தேடுங்கள். 'ஹவுஸ்ஃபுல்' பலகை 600 பேர் அரங்கிலும் தொங்கும், 3,000 பேர் அரங்கிலும் தொங்கும். பால்கனி திறந்திருந்ததா, கறுப்புத் திரை போட்டு மறைத்திருந்ததா என்று பின்புறமிருந்து எடுத்த படத்தில் பாருங்கள். கடைசியாக அந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பேண்டுக்கு மூன்று வருஷப் பசியோடு ஆள் வருவார்கள். இங்கிலாந்தில் வருஷா வருஷம் வாசித்தால் பாதிப் பேர் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் இருப்பார்கள்.

இன்னொன்று, பெரிய விழாக்களின் ஒப்பந்தத்தில் சுற்றளவு விதி இருக்கும். விழாவுக்கு முன்னும் பின்னும் இத்தனை வாரம், இத்தனை தூரத்துக்குள் தனிக் கச்சேரி கூடாது. கோடையில் ஒரு நாட்டில் ஒரே ஒரு நிகழ்ச்சி என்றால் அங்கே மவுசு போய்விட்டது என்று பொருளல்ல.

நவம்பர் 20, வியாழன்

கச்சேரிச் சுற்றில் எங்கள் நாட்டை மறந்துவிட்டார்கள் என்ற ரசிகர்களின் புலம்பலுக்குப் பதில் பெரும்பாலும் காகிதத்தில் இருக்கிறது.

அமெரிக்கா: காசு வாங்கி வாசிக்க ESTA போன்ற விசா விலக்கு உதவாது. பேண்டுக்கு உரியது பி-1பி விசா. அங்கிருக்கும் ஏஜென்ட் ஐ-129 மனு போட வேண்டும். ஒரு மனுவில் 25 பேர் வரை, உதவிக் குழுவுக்குத் தனி மனு. 2024 ஏப்ரலிலிருந்து மனுக் கட்டணம் 1,015 டாலர், அதற்கு மேல் புகலிடத் திட்டக் கட்டணம் 600. சிறு நிறுவனமானால் 510, 300. பதினைந்து வேலைநாளில் பதில் வேண்டுமென்றால் இன்னும் 2,805 (2025இன் கட்டணம்). இதெல்லாம் கட்டியும் கவிழ்வது இரண்டு இடத்தில். சர்வதேச அங்கீகாரம் நீண்டகாலமாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். இந்த நாட்குறிப்பில் நாம் சண்டைபோடும் சார்ட், விமர்சனம், விருதுப் பரிந்துரை எல்லாம் அங்கே அத்தாட்சியாக அடுக்கப்படும். அடுத்து, உறுப்பினர்களில் 75 சதவீதம் பேர் குறைந்தது ஒரு வருஷமாக பேண்டில் இருந்திருக்க வேண்டும். ஆறு பேர் பேண்டில் ஒருவர் புதிது என்றால் ஆறில் ஐந்து, பிரச்சினையில்லை. இருவர் புதிது என்றால் ஆறில் நாலு, சுமார் 67 சதவீதம், சலுகை கேட்டு எழுத வேண்டியதுதான். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இந்த மாதிரி பேண்டுக்கு அது எப்போதும் தலைக்கு மேல் கத்தி.

அமெரிக்க வரி: வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் மொத்தத் தொகையில் 30 சதவீதம் முதலிலேயே பிடிப்பார்கள். செலவு கழித்த லாபத்தில் அல்ல, மொத்தத்தில். குறைக்க வேண்டுமானால் முதல் நிகழ்ச்சிக்கு 45 நாள் முன்பே வரித்துறையோடு ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதி தாமதமாக உறுதியானால் அந்த வாய்ப்பு போச்சு.

ஐரோப்பா: 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரருக்கு ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான். காலண்டர் அரையாண்டு இல்லை, நகரும் சாளரம். கோடை விழாக்களையும் இலையுதிர்காலச் சுற்றையும் தனித்தனியாக எண்ணுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 2006 முதல் டிரம் வாசிக்கும் மார்டின் ஷ்கரௌப்கா செக் நாட்டவர், அவருக்கு இந்தக் கணக்கு கிடையாது, மேடையில் பக்கத்தில் நிற்பவருக்கு உண்டு. சரக்காகத் தனியே அனுப்பும் கருவிகளுக்கு ஏடிஏ கார்னே வேண்டும், அதாவது வரி கட்டாமல் பொருளைத் தற்காலிகமாக எல்லை தாண்டிக் கொண்டுபோகும் சுங்கப் பத்திரம்: ஒவ்வொரு பொருளும் வரிசை எண், எடை, மதிப்பு, உற்பத்தி நாட்டோடு. ஒரு கிதாரைக் கடைசி நேரத்தில் மாற்றினால் பட்டியலும் பெட்டியும் பொருந்தாது. ஒரு எல்லையில் முத்திரை விடுபட்டால், பொருள் அங்கேயே விற்கப்பட்டதாக வைத்து மாதங்கள் கழித்து வரி கேட்டுக் கடிதம் வரும். டி-ஷர்ட், வினைல், கிதார் கம்பி, டிரம் குச்சி கார்னேயில் சேரா. விற்பனைச் சரக்குக்குத் தனி ஏற்றுமதிக் காகிதம். அதைத் தவிர்க்கவே பல பேண்டுகள் ஐரோப்பியக் கண்டத்திலேயே சட்டை அச்சடிக்கின்றன. பல அரங்குகள் அந்த விற்பனையிலும் 20, 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், ஒரு நாடு சுற்றிலிருந்து விடுபடுவதற்கு ரசிகர் எண்ணிக்கை கடைசிக் காரணமாகத்தான் இருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

ஜப்பான் பதிப்பில் ஒரு பாட்டு கூடுதலாக இருந்தால் அங்கே தனி மவுசு என்று வாதிடுகிறார்கள். உள்நாட்டு சிடியின் விலை அங்கே இறக்குமதியைவிட அதிகம். அதை வாங்கவைக்கக் கொடுக்கும் கொசுறு அந்தப் பாட்டு. மார்க்கெட் அடக்கமாக இருக்கும் பேண்டுகளுக்கும் அது உண்டு.

நவம்பர் 23, ஞாயிறு

நியூசிலாந்து. சார்ட்டாலும் கச்சேரியாலும் அல்ல, ஒரு சட்டையால் அங்கே பேண்ட் பெயர் ஊரறிந்தது. 1993இல் அச்சான அந்தச் சட்டையில் ஆபாச நிலையில் ஒரு கன்னியாஸ்திரி, பின்புறம் இயேசுவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை. 2008இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் சட்டையைத் தடைசெய்தது. 2015இல் கிறைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரி அருங்காட்சியகம் டி-ஷர்ட் கண்காட்சியில் அதை வைக்கத் தனி அனுமதி வாங்கி, 18 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் நுழையும் தடுப்பறையில் மாட்டியது. ஒரு பெண் உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிமேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டு வந்தார். பேண்டின் ஒரு பாட்டையும் கேட்டிராதவர்கள்கூட அந்த வாரம் பெயரைச் சரியாக உச்சரித்திருப்பார்கள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது, விற்பனையிலா கேட்பிலா என்று ரசிகர்கள்தான் சொல்ல வேண்டும்.