விரல்கள் தாங்கும்வரை

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் பிரௌவர்ஸ்டாம் என்றொரு அணை இருக்கிறது. 1953 பெருவெள்ளத்துக்குப் பிறகு டச்சுக்காரர்கள் கடலை மறித்துக் கட்டியவற்றில் ஒன்று, 1971இல் முடிந்தது. நீளம் சுமார் 6 கிலோமீட்டர். ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் கிரேவெலிங்கன் என்ற உப்பேரி. அணைமேல் சாலை போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினால் மணல்தான். பிப்ரவரியில் இங்கே கைட்போர்டிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) செய்ய வருகிறவர்களை இழுப்பது கடலைவிட, வண்டிக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கும் இந்தக் குறுகிய தூரம்தான் என்பது என் எண்ணம். ஏன் என்பது கரையேறும்போது தெரியும்.

குளிரில் எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: காற்று. கோடையில் நிலம் சூடாகி, பிற்பகலில் கடற்காற்றை இழுக்கும். அது சாதுவான காற்று, மாலையானால் அடங்கிவிடும். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றும் வருவதற்கு முன் தென்மேற்கிலிருந்து பலத்த காற்று பெரும்பாலும் சீராக வீசும். கடந்து போனதும் வடமேற்குக்குத் திரும்பி, மழைத்தூறலோடு விட்டுவிட்டு அறையும். நான் போன அன்று முதல் வகை. 22 நாட் (மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர்) வேகம், கரைக்குக் கிட்டத்தட்ட இணையாக.

குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் 1.16 கிலோ என்றால், 0 டிகிரியில் 1.29 கிலோ. அதாவது அதே வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் இழுவை. பட்டம் சட்டென்று கனத்துப் போன மாதிரி இருக்கும். கோடையில் 10 சதுர மீட்டர் பட்டம் எடுக்கிற காற்றுக்கு 9 எடுத்தேன், அதுவே போதும் போதும் என்றது.

இனி கைகளுக்கு வருவோம். குளிர்கால கைட்போர்டிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் வெட்சூட் என்கிற குளிர்தாங்கும் ரப்பர் உடையைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மார்புக்கு 6 மில்லிமீட்டர், கால்களுக்கு 5, கைகளுக்கு 4, தலையோடு சேர்ந்த தொப்பி, தடித்த காலணி. சரி, எல்லாம் வேண்டும்தான். வெளிப்புறம் வழவழப்பான நியோப்ரீனாக (இந்த உடைக்கான ரப்பர்) இருந்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், காற்று உறிஞ்சுகிற குளிர் குறையும். ஆனால் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது இன்று பெரிய சிக்கலே இல்லை. சிக்கல் விரல்களில் இருக்கிறது. தடித்த கையுறை போட்டால், பார் என்கிற பட்டத்தை ஓட்டும் கைப்பிடிக் கம்பி இரண்டு மடங்கு பருத்துவிட்ட மாதிரி இருக்கும். மடக்கிய விரலை நியோப்ரீன் விரிக்கப் பார்க்கும், நாம் மறுபடி மடக்க வேண்டும். இந்தச் சின்ன இழுபறியிலேயே கொஞ்ச நேரத்தில் முன்கை கல்லாகிவிடும். மெல்லிய கையுறை என்றால் பிடி நன்றாக இருக்கும், விரல் விறைத்துவிடும். உள்ளங்கைப் பக்கம் திறந்திருக்கும் விரலில்லாப் பை உறைகளும் உண்டு. வெறுங்கையால் பாரைப் பிடிக்கலாம், புறங்கைக்குக் காற்று படாது. எனக்கு இதுதான் பிடித்தது, ஆனால் 5 டிகிரி தண்ணீர் உள்ளங்கையில் நேராகப் படும்போது முதல் சில நிமிடங்கள் பல்லைக் கடிக்கத்தான் வேண்டும்.

அதனால் விரல் நுனி வேண்டிய வேலைகளை எல்லாம் கரையிலேயே முடித்துக்கொள்வார்கள். கயிறுகளைப் பிரித்து முடிச்சுப் போடுவது, பட்டத்தின் இழுவையைத் தாங்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸின் கொக்கியை இறுக்குவது எல்லாம் கையுறைக்கு முன். பட்டத்தின் முன்விளிம்பில் இருக்கும் குழாயை பம்ப் செய்யும்போது உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். சற்று நேரத்தில் அது குளிர்ந்து சுருங்கி, கல் மாதிரி இருந்த குழாய் விரலால் அமுக்கினால் உள்வாங்கும். பக்கத்திலிருந்த ஒருவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பம்ப்பை என்னிடம் நீட்டினார். கடைசியாக, கையுறை போட்ட கையாலேயே ஆபத்தில் பட்டத்தின் இழுவையை விடுவிக்கும் குயிக் ரிலீஸை ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். வெறுங்கைக்கு இணங்குகிற அது தடித்த விரலுக்கு வழுக்கலாம்.

தண்ணீருக்குள் போனதும் முகத்தில் முதல் அலை. மூச்சு தானாக உள்ளிழுத்துக்கொள்ளும், அதை யாராலும் தடுக்க முடியாது. கனடா ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்லியிருக்கிறார்: பாதுகாப்பு உடையில்லாமல் கடுங்குளிர் நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல்சூடு இறங்கி மயங்க 1 மணி நேரம். வெட்சூட் இந்தக் கணக்கை நீட்டிக் கொடுக்கும், ஆனால் வரிசையை மாற்றாது. உயிருக்கு ஆபத்து வருவதற்கு வெகு முன்பே கை வேலைநிறுத்தம் செய்துவிடும்.

பட்டம் கடலில் விழும்போது இது உறைக்கும். பிரான்ஸின் லெகேனியூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை பெற்ற காற்றடைத்த பட்டம் வந்த பிறகுதான், தண்ணீரில் விழுந்ததை மறுபடி கிளப்புவது எளிதானது. ஆனால் கிளப்புவதற்கு ஒரு பக்கக் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும், காத்திருப்பது விரல்கள். அன்று என் பட்டம் விழுந்தபோது கயிறு கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. அது எழுந்ததும் நேராகக் கரைக்கு விட்டேன். காற்று இன்னும் அருமையாகத்தான் இருந்தது, இருக்கட்டும்.

வண்டிக்குள் ஹீட்டர் முன் கையை நீட்டினால் அடுத்த கூத்து. சுருங்கிய ரத்தக்குழாய்கள் விரியும்போது வருகிற வலி இருக்கிறதே, நகத்துக்கடியில் ஊசி ஏறுவது போல, பெரிய ஆளுக்கும் கண்ணில் நீர் வந்துவிடும். வெட்சூட் ஜிப்பை அப்போது நாமே திறப்பது நடக்காத காரியம். இங்கே எல்லோரும் பக்கத்து வண்டிக்காரரிடம் முதுகைத் திருப்பிக் காட்டுகிறார்கள். பெயர் கூடக் கேட்பதில்லை.

மறுநாள் காற்று வடமேற்குக்குத் திரும்பி, அலை நேராகக் கரையில் மோதியது. ஏரிப்பக்கம் தண்ணீர் தட்டையாக இருக்கும், போகலாமா என்று கேட்டார் ஜிப்பைத் திறந்துவிட்டவர். அந்தப் பக்கம் அதே காற்று கரையிலிருந்து உள்ளே தள்ளும். பட்டம் விழுந்தால் மறுகரை வரை மிதந்துதான் போக வேண்டும். கோடையென்றால் யோசித்திருப்பேன். வேண்டாம் என்று சொன்னேன். அவரும் ஏற்கெனவே சாதாரண உடுப்பில்தான் இருந்தார்.